ஆற்றுக்குப் போன பேரன்

பங்குனித் திருநாளில் ஸ்ரீரங்கத்து உற்சவர் நம்பெருமாள் எங்கள் ஊருக்கு வருவார். ஸ்ரீரங்கத்திலிருந்து ஜீயபுரம் பத்து கிலோமீட்டருக்கு மேல் இருக்கும், நடுவில் காவிரி. ஆதி பிரம்மோற்சவத்தின் மூன்றாம் திருநாளுக்காக அந்தத் தூரம் முழுக்க அவரை ஸ்ரீபாதம்தாங்கிகள் தோளில் சுமந்தே கொண்டுவருகிறார்கள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டு வாசலில் அன்றைக்கு ஒரு பானை நீர்மோர் இருக்கும். ஒரு வருஷம் மோர் வாங்கக் குனிந்தவரின் தோளைப் பக்கத்தில் பார்த்தேன். தண்டு அழுந்தும் இடத்தில் சதை மேடிட்டுக் காய்த்திருந்தது. அந்த மேட்டின் மேல் ஈரத்துண்டை நாலாக மடித்துப் போட்டிருந்தார். சொம்பை ஒரே மூச்சில் குடித்து வைத்துவிட்டு மறுபடி தண்டுக்கு அடியில் போய் நின்றுகொண்டார். ஸ்ரீரங்கத்தில் ஒரு வாகனத்துக்கே தோளுக்கினியான் என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் அந்தத் தோள்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

பெருமாள் ஏன் இத்தனை தூரம் வருகிறார் என்பதற்கு ஊரில் ஒரு கதை உண்டு. ஜீயபுரத்தில் ஒரு பாட்டி, ரங்கன் என்று பேரன். முகம் மழித்துக்கொண்டு குளித்துவிட்டு வருகிறேன் என்று ஆற்றுக்குப் போனவனை வெள்ளம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. பாட்டி சோற்றை வைத்துக்கொண்டு "ரங்கா, ரங்கா" என்று ஆற்றைப் பார்த்துக் கதறினாள். ரங்கநாதரே பேரன் உருவத்தில் வந்து உட்கார்ந்து பழைய சோறும் மாவடுவும் கீரையும் சாப்பிட்டார். உயிர் தப்பி நிஜப் பேரன் வாசலுக்கு வந்தபோது, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் மறைந்துபோனார் என்பது ஐதிகம். அதனால்தான் நம்பெருமாள் இங்கே சவரத் தொழிலாளர் மண்டபத்திலும் எழுந்தருளுகிறார். பழையதும் மாவடுவும் அமுது செய்கிறார்.

அரசுப் பள்ளிகளில் முப்பது வருஷத்துக்கு மேல் வரலாறு நடத்தியிருக்கிறேன். போக்குவரத்து என்று வந்தால் பாடப்புத்தகத்தில் டல்ஹௌசி பிரபு வருவார், ரயில் வரும், தேதிகள் வரும். அதையெல்லாம் நடத்திவிட்டு இந்தப் பாட்டி கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்வேன். வெளியே போனவன் வீடு திரும்ப வழி இருக்கிறதா, எத்தனை மணிக்குத் திரும்புவான் என்பது இந்த ஊரின் பழைய கேள்வி. பரிசல், மாட்டுவண்டி, ரயில், பஸ் என்று வந்த ஒவ்வொன்றையும் நான் அந்தக் கேள்வியை வைத்துத்தான் எடை போடுகிறேன்.

ஜீயபுரத்தை வடக்கு தெற்காக நடந்தால் சீக்கிரமே முடிந்துவிடும். வடக்கே காவிரி, அதை ஒட்டினாற்போல் கரூர் ரோடு, தெற்கே தண்டவாளம், சுற்றிலும் வாய்க்கால்கள். மேற்கே கொஞ்ச தூரத்தில் முக்கொம்பு. ஆர்தர் காட்டன் 1836 முதல் 1838 வரை கட்டிய மேலணை அங்கேதான் காவிரியையும் கொள்ளிடத்தையும் பிரித்து அனுப்புகிறது. இன்னும் மேற்கே பேட்டைவாய்த்தலையில் தலைப்பெடுத்து வரும் உய்யக்கொண்டான், சோழர் காலத்து வாய்க்கால். இத்தனையும் நெருக்கியடித்துக்கொண்டு போகிற இந்தப் பட்டையில்தான் வாழையும் வெற்றிலையும் நெல்லும் விளைகின்றன. வாழைத்தார் காத்திருக்காது. வெட்டினால் சந்தைக்குப் போயாக வேண்டும்.

என் தாத்தா காலத்தில் அது மாட்டுவண்டியில் போயிற்று. நடுராத்திரிக்கு வண்டி பூட்டினால் விடிகிற நேரத்துக்குத் திருச்சி. அச்சுக்குக் கீழே அரிக்கேன் விளக்கு ஆடிக்கொண்டிருக்கும். தாத்தா தார்களுக்கு நடுவில் படுத்துத் தூங்கிவிடுவாராம். மாடுகளுக்கு வழி தெரியும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள அக்கரைத் தீவில் சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்றால் பரிசல். சித்திரையில் ஆறு மணலாகக் கிடக்கும்போது நடந்தே கடப்பார்கள். ஆடியில் தண்ணீர் வந்துவிட்டால் பரிசல்காரர் துடுப்பை வலித்து வலித்து, கூடையை ஒரு சுற்றுச் சுற்றவிட்டு, இழுப்புக்கு ஏற்றபடி கீழே போய் ஒதுங்குவார். ஏறிய துறைக்கு நேர் எதிரே இறங்கியவர்கள் கிடையாது. அப்பாயி 1924-ம் வருஷத்து வெள்ளத்தைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார். மேட்டூர் அணை 1934-ல் வந்த பிறகுதான் ஆற்றின் கோபத்துக்கு ஒரு கடிவாளம் கிடைத்தது.

ரயில் அதற்கெல்லாம் முன்பே வந்துவிட்டது. கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே என்ற கம்பெனி நாகப்பட்டினத்தில் தொடங்கிப் போட்ட பாதை 1862-ல் திருச்சியை எட்டியது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கரூர் வழியாக ஈரோட்டுக்கும் போய்விட்டது. எங்கள் ஊர் அந்தப் பாதையில் விழுந்தது. முதலில் போட்டது ஐந்தரை அடி அகலப் பாதை. 1870-ல் மேயோ பிரபுவின் அரசாங்கம் செலவைக் குறைக்க மீட்டர் கேஜுக்கு வழி திறந்துவிட்டது. 1874-ல் உருவான தென்னிந்திய ரயில்வே கம்பெனி, ஓடிக்கொண்டிருந்த அகலப் பாதையையே பெயர்த்து ஒரு மீட்டராகக் குறுக்கியது. 1879-ல் ஈரோடு பாதையும் குறுகிப்போனது. இருபதாம் நூற்றாண்டில் அதையே மறுபடி அகலமாக்கினார்கள். ஆனால் தஞ்சாவூர்ப் பக்கம் மீட்டர் கேஜாகவே கிடந்தது.

இதன் வலியைச் சின்ன வயதில் ஒரு தடவை அனுபவித்திருக்கிறேன். தஞ்சாவூரில் சித்தி கல்யாணம். அப்பா நாலு வாழைத்தார், ஒரு கட்டு இலை, இரண்டு கூடை வெற்றிலை என்று சீர் கொண்டுவந்திருந்தார். திருச்சி ஜங்ஷனில் எங்கள் வண்டியை விட்டு இறங்கி, படியேறி, படியிறங்கி, குட்டையான அந்த இன்னொரு ரயிலைப் பிடிக்க வேண்டும். அம்மா இடுப்பில் தம்பி, என் தலையில் இலைக்கட்டு. பாதி வழியில் ஒரு தார் போர்ட்டர் கையிலிருந்து நழுவிப் படியில் உருண்டது. தண்டவாளம் ஏன் இங்கே அகலமாகவும் அங்கே ஒடுக்கமாகவும் இருக்கிறது என்று அப்பாவிடம் கேட்டேன். "போட்டவங்க வேற வேற ஆளுங்கம்மா" என்றார்.

ஐரோப்பாவிலும் போட்டவர்கள் வேறு வேறு ஆட்கள்தான். ஸ்பெயினின் பாதை 1,668 மில்லிமீட்டர், பக்கத்துப் பிரான்சில் 1,435. எல்லையில் பிரான்ஸ் பக்கத்து ஊர் செர்பேர். ஸ்பெயின் வண்டிகளில் வரும் ஆரஞ்சுப் பழத்தைக் கூடை கூடையாக வாரிப் பிரெஞ்சு வண்டிகளில் கொட்டியவர்கள் அந்த ஊர்ப் பெண்கள். கூலி உயர்வு கேட்டு 1906-ல் அவர்கள் வேலைநிறுத்தமும் செய்தார்கள். அதைப் படித்த அன்று எனக்குத் திருச்சி ஜங்ஷன் படிக்கட்டுதான் கண்ணில் நின்றது. இரண்டு பாதைகளுக்கு இடையில் இருக்கும் அந்தக் கொஞ்ச தூரத்தை எங்கேயும் யாரோ ஒருவரின் தலையும் தோளும்தான் கடக்கின்றன.

நான் பிறந்தது 1957 பங்குனியில். அதே பங்குனியில், மார்ச் 25-ம் தேதி, ஐரோப்பாவின் ஆறு நாடுகள் ரோமாபுரியில் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. பொதுவான போக்குவரத்துக் கொள்கை ஒன்று வகுத்தாக வேண்டும் என்று அதிலேயே எழுதியிருந்தார்கள். எழுதிவிட்டார்களே ஒழிய, லாரிக்காரர், ரயில்வே, படகுக்காரர் என்று அவரவர் நாட்டுக்காரரைக் காப்பதிலேயே வருஷங்கள் ஓடின. கடைசியில் 1983-ல் ஐரோப்பிய நாடாளுமன்றமே உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் மன்றத்தின் மீது வழக்குப் போட்டது. ஒரு நாட்டுக்காரர் இன்னொரு நாட்டில் தடையில்லாமல் போக்குவரத்துத் தொழில் நடத்த வழிசெய்யும் கடமையில் மன்றம் தவறிவிட்டது என்று 1985-ல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. கையெழுத்துக்கும் தீர்ப்புக்கும் நடுவே இருபத்தெட்டு வருஷம். அதற்குள் நான் பள்ளி முடித்து, கல்லூரி முடித்து, வேலைக்கும் சேர்ந்துவிட்டேன்.

கல்லூரிக்குப் போனது 1974 முதல் 1977 வரை, காலை பாசஞ்சரில், சீசன் டிக்கெட்டில். எங்கள் ஊரிலிருந்து அப்போது படிக்கப் போன பெண்கள் மூன்று பேர். பெட்டிக்குள் ஏறினால் பச்சை வாசனை. ஜன்னல் கம்பிகளில் வெளிப்பக்கமாகப் பால்கேன்கள் தொங்கும். கதவோரத்தில் காந்தி மார்க்கெட்டுக்குப் போகும் இலைக்கட்டுகள், ஈரச்சாக்கு சுற்றிய வெற்றிலை, கீரைக்காரம்மாக்கள். எளமனூரில் ஏறும் ஒரு அம்மா வெற்றிலையைக் கவுளி கவுளியாகப் பிரித்து எண்ணிக்கொண்டே வருவார். நூறு முடிந்ததும் ஒரு வெற்றிலையைத் திருப்பி வைப்பார், கணக்கு தவறாமலிருக்க. முத்தரசநல்லூர் வந்தால் எனக்கு உட்கார இடம் விடுவார். "படிக்கிற புள்ள, நிக்காத" என்பார். திருச்சி கோட்டை ஸ்டேஷனில் இறங்கும்போது கரி இன்ஜின் புகை தாவணியில் புள்ளி புள்ளியாகப் படிந்திருக்கும். கொச்சியிலிருந்து ஈரோடு வழியாக டீ கார்டன் எக்ஸ்பிரஸ் என்று ஒன்று வரும். அது எங்கள் ஊரில் நிற்காது. எங்கள் வீடுகளில் சாயங்கால பாசஞ்சரின் ஊதல் கேட்டுத்தான் உலை வைப்பார்கள். ஊதல் தாமதமானால் அப்பாயி திண்ணைக்கு வந்துவிடுவார்.

பஸ்ஸின் கதை வேறு மாதிரி. அப்பா சிறுபிள்ளையாக இருந்தபோது கரூர் ரோட்டில் ஓடியவை தனியார் பஸ்கள். இரண்டாம் உலகப்போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்ததும் அடுப்புக்கரியை எரித்து வரும் வாயுவில் பஸ் ஓட்டினார்கள். தமிழ்நாட்டில் டி.வி.எஸ். நிறுவனம் அதற்கான கலன்களைச் செய்து விற்றது. வண்டிக்குப் பின்னால் பீப்பாய் போல ஒரு உலை. பஸ் கிளம்ப ஒரு மணி நேரத்துக்கு முன்பே கிளீனர் எழுந்து கரி கொட்டி, விசிறியைக் கையால் சுற்றிச் சுற்றிக் கனல் ஏற்ற வேண்டும். ஏற்றத்தில் வண்டி மூச்சிரைத்து நின்றால் ஆண்கள் இறங்கித் தள்ளுவார்களாம். அப்பா இதைச் சொல்லும்போது அந்தக் கிளீனர் பையனின் கண்ணைத்தான் எப்போதும் சொல்வார், புகையில் சிவந்தே இருக்கும் என்று. மாற்று எரிபொருள் என்று இன்று யார் பேசினாலும், அதை ஊதப் போகிறவர் யார் என்று கேட்கத் தோன்றுவது அப்பா சொன்ன இந்தக் கதையால்தான்.

1972-ல் தமிழ்நாட்டில் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் அடுத்தடுத்து வந்தன. சென்னைக்குப் பல்லவன், மதுரைக்குப் பாண்டியன், கோவைக்குச் சேரன், கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்டு சோழன். எங்களுக்குச் சோழன் பஸ். 1985-ல் திருச்சிக்கென்று தீரன் சின்னமலை கழகம் பிரிந்தது. 1997-ல் தென்மாவட்டக் கலவரங்களுக்குப் பிறகு எல்லாப் பெயர்களையும் எடுத்துவிட்டு, தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்ற ஒரே பொதுப் பெயரை வைத்தார்கள். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் வெகுகாலம் "தீரன்ல வந்தேன்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வருமானம் வரும் வழித்தடத்தில் கிடைப்பதைக் கொண்டு வருமானம் இல்லாத கிராமத்துக்கும் பஸ் விடலாம் என்ற எண்ணம் இந்தக் கழகங்களுக்குள் இருந்தது. ராத்திரி ஆள் இல்லாமல் வந்து போன கடைசி டவுன் பஸ்ஸால் எத்தனை பெண்கள் திருச்சியில் வேலைக்குப் போக முடிந்தது என்பதை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் பார்க்க முடியாது. அந்த பஸ் இருந்ததால்தான் என் வீட்டில் என்னை வேலைக்கு அனுப்பினார்கள்.

சைக்கிளையும் விட்டுவிட முடியாது. ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு 2001-ல் தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம் நாலைந்து வருஷத்தில் அரசுப் பள்ளிப் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் விரிந்தது. பள்ளி மைதானத்தில் வரிசையாக நிறுத்தி, சாவியும் பூட்டும் கொடுக்கும் நாள். ஒரு பெண் ஹேண்டில்பாரில் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவே இல்லை. வருஷம் முழுக்க அப்படியே ஓட்டினாள். அவள் போகிற கரூர் ரோடோ தேசிய நெடுஞ்சாலை. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் வீடும் வாய்க்காலும். நடுவில் பஸ்ஸும் லாரியும் உரசிக்கொண்டு போகும். சாயங்காலம் பள்ளி விட்டதும் வாசலில் நின்று, ஒவ்வொரு சைக்கிளும் வளைவு தாண்டும் வரை பார்த்துக்கொண்டிருப்பேன். சைக்கிள் கொடுத்த அரசு அதற்கென்று நாலடி ஓரத்தையும் கொடுத்திருக்க வேண்டும். இதை நான் பலமுறை மனுவாக எழுதியிருக்கிறேன், இனியும் எழுதுவேன்.

1992-ம் வருஷம் எனக்கு முக்கியமானது. இந்தியாவில் ரயில் பாதைகளை ஒரே அளவாக்கும் யூனிகேஜ் திட்டம் அந்த வருஷம் வந்தது. 1990-கள் முடிவதற்குள் ஜங்ஷனில் தஞ்சாவூர் வண்டிக்கு மாறும் அவஸ்தை தீர்ந்தது. ஐரோப்பாவும் பொதுப் போக்குவரத்துக் கொள்கைக்கான வெள்ளை அறிக்கையை அந்த வருஷ டிசம்பரில்தான் வெளியிட்டது. நிலைத்து நீடிக்கும் போக்குவரத்து என்ற சொல் அதன் தலைப்பிலேயே ஏறியது. சந்தையைத் திறந்துவிட்டால் போதும் என்றிருந்தவர்கள், புகையையும் நெரிசலையும் விபத்தையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும் என்று ஒப்புக்கொண்டார்கள்.

அந்தச் சொல் நடைமுறையில் எப்படி இருக்கும் என்று 2017-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் பார்த்தேன். மகன் அங்கே வேலையில் இருக்கிறான். காலையில் மெட்ரோ ரயிலுக்கு ஒரு டிக்கெட் எடுத்துக் கையில் கொடுத்தான். லாண்டுங்ஸ்ப்ரூக்கனில் இறங்கி எல்பே நதிக்கரைக்குப் போனோம். 62-ம் எண் படகு நின்றுகொண்டிருந்தது. படகுக்கு டிக்கெட் எடுக்க வேண்டாமா என்று கேட்டேன். "அதே டிக்கெட்தான்மா" என்றான். பஸ், ரயில், படகு மூன்றையும் நடத்துகிறவர்கள் வேறு வேறு. ஆனால் டிக்கெட் ஒன்று, நேரப்பட்டியல் ஒன்று. 1965-ல் அந்த ஊரில்தான் உலகத்திலேயே முதல்முதலாக இப்படி ஒரு கூட்டமைப்பை உண்டாக்கினார்களாம். படகில் என் பக்கத்தில் சைக்கிளோடு ஒரு பெண்பிள்ளை நின்றாள், பள்ளிப் பையோடு. அக்கரையில் இறங்கியதும் அங்கே பஸ் காத்துக்கொண்டிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மகன் குளிர்காற்று என்று நினைத்துக்கொண்டு தன் சால்வையை எடுத்துக் கொடுத்தான்.

ஜீயபுரத்தில் ஆறு, ரோடு, ரயில் மூன்றும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை இல்லை. ரயில் வரும் நேரம் பஸ்ஸுக்குத் தெரியாது. பஸ் டிக்கெட் ரயிலுக்கு ஆகாது. பரிசலை எல்லாரும் மறந்தே போனோம். சென்னைக்கு ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமம் அமைக்க 2010-ல் சட்டம் வந்தது. பஸ்ஸுக்கும் மெட்ரோவுக்கும் புறநகர் ரயிலுக்கும் ஒரே செயலியில் டிக்கெட் எடுக்கும் வசதி 2025-ல் வந்தது. அது திருச்சிக்கும் வர வேண்டும், திருச்சியோடு நின்றுவிடாமல் இந்தக் கரூர் ரோடு கிராமங்களுக்கும் வர வேண்டும்.

நடுவில் கொரோனா வந்தது. 2020-ல் நின்றுபோன பாசஞ்சர் வண்டிகள் நாடு முழுக்கத் திரும்பி ஓடத் தொடங்கியபோது எக்ஸ்பிரஸ் கட்டணத்தோடு வந்தன. பத்து ரூபாயாக இருந்த குறைந்தபட்சக் கட்டணம் முப்பது ஆனது. 2024 பிப்ரவரியில்தான் மறுபடி பத்துக்கு இறங்கியது. ஒரு நாள் கூலியில் போக வர அறுபது ரூபாய் என்றால் கீரைக்காரம்மாவுக்கு என்ன மிஞ்சும்? அந்த நாலு வருஷத்தில் அவர்களைக் காப்பாற்றியது பஸ்தான். 2021 மே மாதம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று அரசு அறிவித்தது. அதற்கு ஒரு வருஷம் முன்பு லக்சம்பர்க் நாடு முழுக்கப் பொதுப் போக்குவரத்தை எல்லாருக்கும் இலவசமாக்கியிருந்தது. எங்கள் ஊரில் அந்த அறிவிப்புக்குப் பிறகு என் கண்ணால் கண்ட மாற்றம், அறுபது வயதைத் தாண்டிய பெண்கள் தனியாகத் திருச்சிக்குப் போகத் தொடங்கியது. ஆஸ்பத்திரிக்கு, மகள் வீட்டுக்கு, சும்மா மலைக்கோட்டையைப் பார்க்க. பஸ் செலவுக்கு மகனிடம் கை நீட்ட வேண்டியிருந்தவர்கள் அவர்கள்.

போன பங்குனியில் பெருமாள் வந்த அன்று, மோர்ப்பானை அருகே ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். எழுபது வயதிருக்கும். எந்த ஊர் என்று கேட்டேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். அக்கரைத் தென்னைகள் அங்கிருந்தே தெரிந்தன.

"எப்படிம்மா வந்தீங்க?"

"திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டு போயி, அங்கேருந்து இன்னொரு பஸ்ஸு. பெருமாளு நேரா ஆத்துல வந்துட்டாரு."

சுருக்குப்பையைத் திறந்து இரண்டு டிக்கெட்டையும் காட்டினார். இரண்டிலும் கட்டணம் பூஜ்யம். மடித்துத் திரும்ப உள்ளே வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். வெயில் சாய்ந்திருந்தது.

"வீட்ல பேத்தி ஒத்தையா இருக்குது. எட்டு மணிக்குள்ள வந்துர்றேன்னு சொல்லிட்டு வந்தேன்."

பஸ் ஸ்டாப் வரை கூடப் போனேன். இரண்டு பஸ் நிற்காமல் போயின. மூன்றாவது நாற்பது நிமிஷம் கழித்து வந்தது. ஏற்றிவிட்டு, சத்திரத்தில் மாற வேண்டிய பஸ்ஸைக் கண்டக்டரிடம் சொல்லிவிட்டு, வளைவு தாண்டும் வரை நின்றேன்.